சங்கிலிமாடனின் பணி நிரந்தரம்

கல்லூத்துப்புரம் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்த சங்கிலிமாடன், கரண்ட் அடித்துச் செத்து, எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலும் ஆற்றில் கரைந்துபோன பிறகு, மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல வேலைக்கு வந்தார் என்பதை அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஊர் முழுக்கத் தண்ணீர் வந்தது, குடம் நிறைந்த பிறகு மறுத்துப் பேசுகிற ஊர் இன்னும் பிறக்கவில்லை. அவர் செத்த நாளிலிருந்து குழாய்கள் காய்ந்து கிடந்தன. இழவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, "அடுத்து யாரப் போடப் போறாவளாம்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அவரை முதலில் பார்த்தது அவருடைய மகள் முப்பிடாதி. காலிக் குடத்தோடு தெருக் குழாயடியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். குழாய் முதலில் இருமியது, பிறகு காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் கலந்து கொஞ்சமும், அதன்பிறகு தெளிவாகவும் தண்ணீர் விழுந்தது. அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினாள். அங்கே வால்வுக் குழிக்கு மேலே குனிந்து, தலையில் குறுக்குக் கம்பி வைத்த அந்த நீளமான இரும்புச் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார் சங்கிலிமாடன். அவரோடு சேர்த்து எரித்த காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தார், அதில் மேல் பொத்தான் ஒன்று எப்போதும்போல இல்லை.

"யப்பா" என்றாள்.

"தள்ளி நில்லும்மா, சேறு தெறிக்கும்" என்றார் அவர். குழியின் மூடியைப் போட்டுவிட்டு, சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

முப்பிடாதி வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அவள் அம்மா பூரணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாகி முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் சொன்னதை நம்பாமலும் இல்லை, அலறவும் இல்லை. "சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

செத்தவர் ஏன் திரும்பி வந்தார் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். முப்பிடாதிக்குக் காரணம் தெரியும். இருபத்து மூன்று வருடம் அவர் அந்தப் பேரூராட்சியில் தற்காலிகப் பணியாளராக இருந்தார். தற்காலிகம் என்றால், காய்ச்சல் வந்தால் கூலி இல்லை, கால் முறிந்தால் கூலி இல்லை, மகள் வயதுக்கு வந்த சடங்கன்றும் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு ஓடிவந்துதான் மாலை போட வேண்டும். கடைசியில், போன சித்திரையில், கல்யாண மண்டபத்தில் விழா எடுத்து அவரை நிரந்தரம் ஆக்கினார்கள். பேரூராட்சித் தலைவி செண்பகவல்லி ஆணையைக் கொடுத்தார். தலைவிக்காகக் கையெழுத்துத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறவரும், ஊரே 'தலைவர்' என்று கூப்பிடுகிறவருமான அவர் கணவர் கோமதிநாயகம் ஒரு துண்டைப் போர்த்தி, மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "சங்கிலிமாடா, இன்னையிலேர்ந்து நீ நிரந்தரம். உன்னை இந்த வேலையில இருந்து எவனாலயும் பிரிக்க முடியாது."

மைக்கில் சொல்வதை மைக்கில் சொன்னதாக எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். சங்கிலிமாடனுக்குத் தெரியாது. அவர் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்கிற ஆள். அன்றைக்கு வீட்டுக்கு அல்வாப் பொட்டலத்தோடு வந்து, மகளிடம் அந்தச் சொல்லை நாலைந்து தடவை சொல்லிச் சொல்லிப் பார்த்தார், வாயில் போட்ட மிட்டாய் கரையாமல் இருக்க ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறவர் மாதிரி. நிரந்தரம். ஆனி பிறப்பதற்குள் மோட்டார் ரூம் மெயின் சுவிட்ச் அவரை அடித்துக் கொன்றுவிட்டது.

அந்த சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். அதன் மூடி உடைந்து வருடக்கணக்காகிறது. ஈரக் காற்று அடித்தாலே பொறி பறக்கும். மாற்றித் தாருங்கள் என்று சங்கிலிமாடன் கேட்காத அதிகாரி இல்லை. "பாத்துத் தொடுப்பா" என்பார்கள். அவரும் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கைப்பிடியில் சுற்றி, பார்த்துப் பார்த்துத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்த ஒரு காலையில் டியூப்பும் நனைந்திருந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு, பன்னீர் சோடா குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்படிச் செத்த மனிதர் திரும்பி வந்து, அதே உடைந்த சுவிட்சைப் பிடித்து மோட்டாரைப் போட்டு, ஊருக்குத் தண்ணீர் விட்டபோது, கல்லூத்துப்புரம் ஒரே ஒரு நாள் திகைத்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள், கீழத்தெருவில் வரிசைக் கடைசிக்குத் தண்ணீர் குறைவாக வருகிறது என்று அவரிடம் சண்டை பிடித்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் ஒரு தெருவில் நின்றால் இன்னொரு தெருவுக்குப் பிந்திவிடும். இப்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை, முட்டு வலிக்கவில்லை, டீக்கு ஒதுங்கவும் இல்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன தெருவில் தண்ணீர் விழுந்தது. பெண்கள் குழாய்ச் சத்தத்தை வைத்துப் பால் காய்ச்சினார்கள், பிள்ளைகளை எழுப்பினார்கள், வேலைக்குப் போகிறவர்கள் சவரம் செய்துகொண்டார்கள்.

"இருந்தப்பக் கூட இவ்வளவு சுத்தமா வேல பாக்கலயே மனுசன்" என்று பலசரக்குக் கடையில் யாரோ சொன்னதை முப்பிடாதி காதால் கேட்டாள். அவளுக்குக் கடைக்காரரின் தராசைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. அரைக்கால் கிலோ துவரம்பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலை வேண்டும் என்று மனுவோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு அவள் போனது அதற்கும் அடுத்த வாரம். பணியில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தர வேண்டும், அது சட்டம். அவள் பி.காம். முடித்தவள், தட்டச்சும் படித்தவள். ஆனால் அவள் கேட்டது அப்பா பார்த்த அதே வேலையைத்தான். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தால்தான் அப்பா போவார் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா பீடி சுற்றுகிற வருமானத்தில் எரியாத அடுப்பு எரிய வேண்டும், அப்பா எரிந்த பிறகாவது படுக்க வேண்டும். இரண்டுக்கும் அந்த ஒரு வேலைதான் வழி.

செயல் அலுவலர் ரெங்கமன்னாருக்குக் கோபமே வராது. யார் வந்தாலும் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அவர் கையில் வாங்கிய மனு எதற்கும் ஒருநாளும் இல்லை என்ற பதில் போனதில்லை, ஆமாம் என்ற பதிலும் போனதில்லை.

"உக்காரும்மா. உங்க அப்பாவைப் பத்திப் பெருமையாச் சொன்னேன் கலெக்டர் ஆபீஸ்ல. எவ்வளவு கடமை உணர்ச்சி."

"சார், வாரிசு வேலைக்கு மனு குடுக்க வந்தேன்."

"குடும்மா. கருணை அடிப்படையில பரிசீலிக்கிறோம். ஆனா ஒண்ணு யோசி. இடம் காலியா இருந்தாத்தானே ஆள் போட முடியும்? இடத்துல ஆள் இருக்காரே."

"அவரு செத்துட்டாரு சார்."

"சரிதாம்மா. ஆனா வேலைக்கு வர்றாரே."

"அப்போ சம்பளம் குடுங்க."

ரெங்கமன்னார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இறந்தவருக்கு எப்படிம்மா சம்பளம் போட முடியும்? ஆடிட்ல கேப்பாங்க."

"சரி, எங்கம்மாவுக்குக் குடும்ப பென்சன்."

"பணியில இருக்கிறவர் குடும்பத்துக்கு அது கிடையாதே. மனு குடுத்துட்டுப் போம்மா, பரிசீலிக்கிறேன். டீ ஆறுது."

இதைப் படித்து யாருக்காவது சிரிப்பு வந்தால் வரட்டும். முப்பிடாதிக்கு வயிறு எரிந்தது. அந்த டீயை அவள் குடிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும் போனாள், போகும்போதெல்லாம் மனு கொடுத்தாள், கொடுக்கும்போதெல்லாம் அதே நாற்காலி, அதே டீ, அதே கருணை. கருணை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசத் தொடங்கியது.

இதற்கிடையில் பேரூராட்சி ருசி கண்டுவிட்டது. சோறு கேட்காத, செருப்புக் கேட்காத, கையுறை கேட்காத, சங்கத்தில் சேராத ஒரு பணியாளர் இருக்கும்போது அவருக்குத் தண்ணீர் வேலை மட்டும் கொடுப்பது வீண் என்று மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். தெருவிளக்குப் போடுவதைக் கொடுத்தார்கள். செய்தார். பிறகு சந்தை கூட்டுவதை. பிறகு ஓடை தூர்வாருவதை. பிறகு குப்பை வண்டி தள்ளுவதை. நாய் செத்துக் கிடந்தாலும் அவர்தான், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் குழி தோண்டவும் அவர்தான், தலைவர் வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் கட்டவும் அவர்தான். சொன்னதையெல்லாம் அவர் செய்தார். நிரந்தரம் ஆக்கியிருக்கிறார்களே என்ற நன்றி அவருக்கு. அந்த வேலைகளைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரை, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று நிறுத்தினார்கள். அந்த மூன்று வீட்டுப் பெண்களும் பூரணம் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். பூரணமே தினமும் மோட்டார் ரூம் படியில் ஒரு தூக்குவாளி சோறு வைத்துவிட்டு, சாயங்காலம் போய் அதை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறவள்.

அந்தக் கூட்டத்திலேயே புது சுவிட்ச் வாங்குவதும் ஒரு பொருளாக இருந்தது. "செத்தவனுக்கு ஷாக் அடிக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பொருளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

பக்கத்துப் பேரூராட்சிகளிலிருந்து ஜீப் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். தூர நின்று அவர் குப்பை வண்டி தள்ளுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "எங்க ஊர்லயும் ரெண்டு பேரை நிரந்தரம் பண்ணினோம். ஒருத்தனும் செத்த பிறகு வரலை" என்று ஒரு செயல் அலுவலர் ரெங்கமன்னாரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? துர்மரணம் அடைந்தவன் மாடன் என்னும் காவல் சாமியாகி நிற்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதிலும் பேரே மாடன். தண்ணீர் டேங்கின் காலடியில், மேலத்தெரு வால்வுக்குப் பக்கத்தில், ஒரு பீடம் கட்டி, மஞ்சள் குழைத்து மஞ்சணை சாத்தினார்கள். 'டேங்க் மாடசாமி' என்று பெயர் ஆயிற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் கற்பூரம் ஏற்றின. புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நிஜ சங்கிலிமாடன் சாவியோடு வந்து, "கொஞ்சம் தள்ளுங்க, வால்வு அடியில இருக்கு" என்று கேட்க வேண்டியிருந்தது. தள்ளி நின்று, கும்பிட்டுவிட்டு, "சாமி, எங்க தெருவுக்குக் கூட ஒரு பத்து நிமிசம் விடும்" என்றார்கள்.

முப்பிடாதி கோமதிநாயகத்திடமும் போய்க் கேட்டாள். அவர் பீடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பனை ஊரே கும்பிடுது. நீ சம்பளம் கேட்டு அலையுத. சாமி என்னைக்காவது சம்பளம் வாங்கியிருக்கா? அசிங்கமா இல்ல?"

"சாமி என்னைக்காவது உங்க தென்னைக்குத் தண்ணி கட்டியிருக்கா?" என்றாள் முப்பிடாதி.

அவர் முகம் கறுத்துவிட்டது. பெயிண்ட் அடிக்கிறவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவள் வீடு வரும்வரை நடந்தது அவளுக்கு நினைவில்லை.

தை மாதத்தில் சங்கிலிமாடனுக்கு அறுபது முடிந்தது. நிரந்தரப் பணியாளருக்கு அறுபதில் ஓய்வு. அந்த ஒரு தேதியைத்தான் முப்பிடாதி உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், கருணை செய்யாததைக் காலண்டராவது செய்யும் என்று. அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர அலுவலகத்துக்குப் போனாள். ரெங்கமன்னார் உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"நேத்து மன்றத்துல தீர்மானம் போட்டாச்சும்மா. உங்க அப்பாவுக்குப் பணி நீட்டிப்பு. ஊர் நலன் கருதி. மறு உத்தரவு வரும் வரைக்கும்."

"மறு உத்தரவு எப்ப வரும் சார்?"

"அதைத்தான் மறு உத்தரவு வந்தா தெரிஞ்சுக்கலாம்" என்றார் அவர், கொஞ்சமும் கேலி இல்லாமல்.

முப்பிடாதி டீயை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். மெதுவாக, கிளாஸ் உடையாமல், மனுக்கள் அடுக்கியிருந்த பக்கமாகப் பார்த்துக் கவிழ்த்தாள். எழுந்து நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள்.

உச்சி வெயில். சங்கிலிமாடன் ஓடை தூர்வாரிய சேறு முழங்காலில் காய்ந்திருக்க, வால்வுச் சாவிக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். படியில் தூக்குவாளி திறக்காமல் இருந்தது. அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

"யப்பா, நீ செத்துட்டப்பா."

"தெரியும்" என்றார். "அதுக்கென்ன செய்ய? நிரந்தரம்னு சொல்லிருக்காவல்லா."

"நிரந்தரம்னா என்னன்னு நெனச்ச?"

"என்னைக்கும்னுதான். நடுவுல விட்டுட்டுப் போனா நல்லாருக்குமா? இருவத்து மூணு வருசம் கேட்டுக் கேட்டு வாங்கினதுல்லா."

முப்பிடாதிக்கு வந்தது அழுகைகூட இல்லை, ஆத்திரம். ஒரு மனிதனுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அதற்கு அர்த்தம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நிரந்தரம் என்று துண்டு போர்த்தியவர்களில் ஒருவர், இத்தனை பேர் இருந்தும் ஒரே ஒருவர், அது என்னவென்று அவரிடம் சொல்லியிருந்தால் அவர் இந்நேரம் நிம்மதியாகக் கரைந்துபோயிருப்பார்.

"யப்பா, நிரந்தரம்னா என்னைக்கும் வேல பாக்கிறது இல்ல. நிரந்தரம்னா லீவு உண்டு."

சங்கிலிமாடன் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"லீவா?"

"ஆமா. நோவு வந்தா லீவு. வீட்டுல நல்லது கெட்டதுன்னா லீவு. சும்மா இருக்கணும்னு தோணினாக்கூட லீவு. சம்பளம் பிடிக்க மாட்டாவ. அதுக்குப் பேருதான் நிரந்தரம்."

லீவு என்றால் அவருக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது என்று அர்த்தம், ஆயுள் முழுக்க அப்படித்தான். லீவில் அடுப்பும் எரியும் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கேட்டா குடுப்பாவளா ஏட்டி?"

"கேக்க வேண்டாம்ப்பா. அது உனக்குள்ளது. நீயா எடுத்துக்க வேண்டியதுதான்."

"ஒருத்தரும் சொல்லலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் முப்பிடாதிக்குத் தாங்க முடியவில்லை. பிறகு சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார். "மேலத்தெருவுக்குச் சாயங்காலம் விடணும். அந்தச் சுவிட்சை மட்டும் தொட்டுராத."

"தொட மாட்டேன். அதை மாத்துற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் தொட மாட்டாவ."

தகப்பனும் மகளும் கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். வேலை நேரத்தில் கையை வீசிக்கொண்டு போகிற சங்கிலிமாடனைப் பார்த்து, பலசரக்குக் கடைக்காரர் பாதி நிறுத்த சர்க்கரையோடு அப்படியே நின்றார். பூரணம் வாசலில் தண்ணீர் வைத்தாள். அவர் கால் கழுவினார், கை கழுவினார், சம்மணமிட்டு உட்கார்ந்து, செத்ததற்குப் பிறகு முதல் தடவையாகச் சோறு கேட்டார். கருவாட்டுக் குழம்பு இருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். பிறகு நார்க்கட்டிலை இழுத்து வேப்பமரத்தடியில் போட்டு, பட்டப்பகலில், சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். பூரணம் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினாள். வெயில் தாழ்ந்தபோது கட்டிலில் காக்கிச் சட்டை மட்டும் மடித்தபடி இருந்தது. பூரணம் இன்னும் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான், அவர் செத்த அன்றைக்கு அழாத அழுகையை அழுதாள்.

மேலத்தெருவுக்கு அன்று சாயங்காலம் தண்ணீர் வரவில்லை. மறுநாள் எந்தத் தெருவுக்கும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான்.

"சங்கிலிமாடனை எங்க?"

"அப்பா லீவுல இருக்காரு" என்றாள் முப்பிடாதி.

மோட்டாரைப் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் சுவிட்சைப் பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்க தொடுங்க சார், நான் பாக்கேன்" என்றார். கோமதிநாயகம் தொடவில்லை. ரெங்கமன்னார் தொடவில்லை. செத்தவனுக்கு ஷாக் அடிக்குமா என்று சிரித்தவர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. இத்தனை வருடம் மாற்ற முடியாத சுவிட்ச் அன்று பொழுது சாய்வதற்குள் மாற்றப்பட்டது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற முப்பிடாதிக்கு அந்தப் புது சுவிட்சின் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க, ஒரு மதியத்தில் முடிகிற வேலைக்கு அப்பனைக் கொடுத்தோமே என்று நெஞ்சு கொதித்தது.

டேங்க் நிறைந்தது. வால்வு திறக்கவில்லை. பட்டறையில் புதுச் சாவி அடித்துக்கொண்டு வந்தார்கள், நிறுத்திய மூன்று பேரையும் தற்காலிகமாகத் திரும்பக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுத்தார்கள். மூன்று பேரும் மற்ற தெரு வால்வுக் குழிகளில் மாறி மாறிக் குனிந்தார்கள், முக்கினார்கள், வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். "தற்காலிகக் கைக்கு இது அசையாது சார். நிரந்தரக் கைக்குப் பழகிப்போச்சு" என்றார் ஒருவர். வால்வு அசையவில்லையா, அவர்கள் அசைக்கவில்லையா என்று கேட்க யாருக்கும் அப்போது புத்தி போகவில்லை. மூன்று பேரில் மூத்தவர் மட்டும் போகிற போக்கில் முப்பிடாதியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் மேலத்தெரு வால்வுக் குழியின் மூடிமேல், பீடத்துக்கு முன்னால், அப்பாவின் சாவியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரு முழுக்க நீலமும் சிவப்புமாகக் காலிக் குடங்கள். முதலில் திட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு அவர்களாகவே அலுவலகத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். வாசலில் மண்ணை வாரித் தூற்றிய பெண்களில் ஒருத்தி அவளுக்குக் குடையை விரித்துப் பிடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ரெங்கமன்னார் நடந்தே வந்தார். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேம்மா" என்றார். "உங்க அப்பா லீவுலதான் இருக்காரு. அதனால இடம் காலி இல்லை. ஆனா லீவு காலத்துக்குன்னு உன்னை வேலைக்கு எடுத்துக்கலாம். தற்காலிகமா."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"அவர் லீவு முடிஞ்சு திரும்பி வர்ற வரைக்கும்."

முப்பிடாதி சாவியின் குறுக்குக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. சத்தம் போட்டுவிடுவாள் என்று குடை பிடித்திருந்தவள் நினைத்தாள். முப்பிடாதி சத்தம் போடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

ரெங்கமன்னார் சுற்றிலும் பார்த்தார். குடங்கள், குடங்களுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று பேர். அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. காலையில் அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை.

"ஊரே தவிக்குதும்மா. சின்னப் பிள்ளைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க. கொஞ்சம் கருணை காட்டும்மா."

முப்பிடாதி மூடிமேல் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள். "கருணை அடிப்படையிலதான? பரிசீலிக்கேன். மனு குடுத்துட்டுப் போங்க."

ரெங்கமன்னார் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.